ஆடி மாத ஆதாரம்

"ரெண்டு கப் காபி எதுக்கு மாப்பிள்ளை? நான் வரப்போறது உங்களுக்குத் தெரியாதே!"

வத்தக்குழம்பு டப்பாவோடு மாப்பிள்ளையின் ஹோம்புஷ் ஃபிளாட்டுக்குள் நுழைந்த வேதவல்லி கேட்டாள். பிரதீப்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

"பழக்கதோஷம் அத்தை. தேஜுவுக்கும் சேர்த்துப் போட்டுடறேன். எதிர்ல வச்சுப் பார்த்துக்கிட்டே குடிச்சா, அவ இருக்கற மாதிரி இருக்கு."

வேதவல்லிக்கு நெஞ்சு இளகிவிட்டது. கல்யாணமாகி மூன்று மாதம்தான். பாவம், பிள்ளை ஏங்கிப் போயிருக்கிறான். அவளும் ஒரு காலத்தில் இப்படி ஏங்கிக் கிடந்தவள்தானே! ஆனாலும், தலை ஆடிக்குப் பெண் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். சிட்னியானால் என்ன, சீர்காழியானால் என்ன? மகள் தேஜஸ்வினியை ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்திருந்தாள்.

"அவளும் சரியாவே சாப்பிடறதில்லை மாப்பிள்ளை. எந்நேரமும் ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. சாயங்காலமானா ஜிம்முக்குப் போயிடறா. இப்பகூட அங்கேதான்."

"அப்படியா அத்தை?" என்றவன் பெருமூச்சு விட்டான்.

காலிங் பெல் அடித்தது. வாசலில் இமிகிரேஷன் அதிகாரி!

தேஜஸ்வினி ஆஸ்திரேலியக் குடிமகள். அவளுடைய கணவன் என்ற முறையில்தான் பிரதீப்குமார் பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தான். இருவரும் நிஜமாகவே சேர்ந்து வாழ்கிறார்களா என்று பார்க்க வந்திருந்தாள் அந்த வெள்ளைக்காரம்மா.

"உங்கள் மனைவி எங்கே?"

"என் வீட்ல இருக்கா" என்று வேதவல்லி முந்திக்கொண்டாள். "இது ஆடி மாசம். புதுசா கல்யாணமானவங்க சேர்ந்து இருக்கக் கூடாது."

"ஏன்?"

வேதவல்லி மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தாள். அதை மாப்பிள்ளை எதிரில் எப்படிச் சொல்வது?

அதிகாரி குளியலறையை எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு டூத் பிரஷ். உதட்டைப் பிதுக்கினாள்.

"இவர்கள் பிரிந்து வாழ்வதாகத்தான் நான் எழுத வேண்டியிருக்கும்."

வேதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். ஐயையோ, சாஸ்திரம் பார்க்கப்போய் மாப்பிள்ளையை நானே ஃபிளைட் ஏத்திடுவேன் போலிருக்கே!

"இருங்க மேடம்! அவ புடவை ஒண்ணாவது இங்கே இருக்கும், காட்டறேன்" என்று படுக்கையறைக்கு ஓடினாள்.

"வேண்டாம் அத்தை! எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா!" என்று குறுக்கே பாய்ந்தான் பிரதீப்குமார்.

அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அதிகாரி பார்க்கும்படி அலமாரிக் கதவை அகலத் திறந்தாள் வேதவல்லி.

உள்ளே ஒரு புடவைகூட இல்லை. ஜிம் உடையில் தேஜஸ்வினிதான் இருந்தாள்.