பெட்டிக்குள் போகும் கொடி

பாப்பாரப்பட்டியில் வெயில் சாய்கிறது. கல் குவாரி வேலை முடிந்து வந்த பச்சியப்பன், ஜன்னல் வெளிச்சத்தில் குந்தியிருக்கிறான். கரண்ட் போனால் அவன் மனைவி தெரசாவின் தையல் மிஷின் மேல் தானாக எரியப்போகும் விளக்குக்கு, செம்பு ஒட்டிய போர்டில் அவளுடைய நெயில் பாலிஷால் கோடு போடுகிறான். போர்டை மருந்துத் தண்ணியில் போட்டால், பாலிஷ் பட்ட இடத்துச் செம்பு மட்டும் கரையாமல் தங்கும். அதில்தான் கரண்ட் ஓடும். நேர்கோடே போதும். அவனோ கொடியாக வளைத்து இலையும் விட்டிருக்கிறான். இருப்பது ஒரே போர்டு. "பாலிஷ் பாதி காலி. விளக்குப் பெட்டிக்குள்ள போறத யாருங்க பாக்கப் போறா?" என்று சிரிக்கிறாள் தெரசா. "நீ பாத்துட்டியே." அவள் குனிந்து பார்க்கிறாள். "இந்த இலை பக்கத்துக் கோட்டத் தொடுதே, பரவாயில்லீங்களா?" அவன் முகம் சுண்டிப்போகிறது. கோடும் கோடும் ஒட்டினால் விளக்கு எரியாது. காய்ப்பேறிய கையில் பிளேடை எடுத்து, கொடி முழுவதையும் சுரண்டப் போகிறான். தெரசா அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊசியை உருவி, மூச்சை அடக்கி, பாலிஷ் காய்ந்துபோன அந்த இலையின் நுனியை மட்டும் சுரண்டுகிறாள். சிவப்புத் தூள் உதிர, நடுவே நூலளவு செம்பு மின்னுகிறது. "இப்ப தண்ணில போடுங்க," என்கிறாள், அவன் கையை இன்னும் விடாமல்.