சபாரத்தினத்தின் பெயருக்குக் கீழே

அந்த அறையில் இருந்தவர்கள் மூவர்: குடியை நிறுத்த இலவசச் சிகிச்சை தரும் அறக்கட்டளையின் தலைவர் அருணகிரிநாதன், அதன் இணையதளத்தைக் கவனிக்கும் மருமகள் கோமளவல்லி, டீ கொண்டுவந்த சமையல்கார அம்மாள் காசாம்பு.

"'மறுவாழ்வு'ன்னு யாரும் கூகுள்ல தேடுறதில்லை மாமா. 'குடிகாரன்'னுதான் தேடுறாங்க. அந்த வார்த்தை நம்ம சைட்ல எங்கயும் இல்லை. அப்புறம் நாம எப்படிக் கண்ணுல படுவோம்?" என்றாள் கோமளவல்லி.

திரையின் உச்சியில் நிறுவனர் சபாரத்தினத்தின் பெயர் இருந்தது.

"எங்கப்பா பேருக்குக் கீழ அந்த வார்த்தையா? நான் செத்தப்புறம் போட்டுக்கோ" என்றார் அருணகிரிநாதன்.

காசாம்பு டம்ளரை வைத்தாள். "நானும் 'குடிகாரப் புருஷனை என்ன பண்றது'ன்னுதான் போன்ல கேட்டேன் ஐயா. சோத்துல பொடி கலக்கச் சொல்றவனுங்கதான் வந்தானுங்க. இப்படி ஒரு எடம் இருக்குன்னு பஸ்ல ஒருத்தி சொன்னப்ப, அவரு போய்ச் சேர்ந்து மூணு மாசம்."

அருணகிரிநாதன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, அந்தச் சொல்லை அவரே அடித்தார்.

இப்போது தினமும் நாலைந்து பேர் தேடி வருகிறார்கள். அவர்களில் சிலர், சபாரத்தினம் பெரிய குடிகாரராக இருந்து திருந்தியவர் என்று பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் காப்பிகூடக் குடித்ததில்லை.