ஐந்தாவது சாய்வுச் சட்டம்

மே 9, காலை பத்தரை மணி. பொறியியல் துறை அலுவலகத்தின் இரண்டாம் மாடி, விசாரணை அறை. நடுமேசை மேல் நான்கடி நீளத்தில் ஒரு நடைப்பாலம் இருந்தது. அசல் பாலம் அறுபத்தொரு நாட்களுக்கு முன் ஆற்றில் விழுந்திருந்தது. அதில் இரண்டு பேர் இறந்தார்கள்.

மாதிரியைச் செய்தவன் நான். வரைபடத்தில் இருபதடி என்றால் என் மரக்குச்சியில் ஓரடி.

அறையின் மூலையில் நாற்காலி கொடுத்திருந்தார்கள். விரல் நுனியில் காய்ந்திருந்த பசையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தேன்.

விசாரணைத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பாலம் எப்படி நிற்கிறது என்று முதலில் கேட்டார். அதை வரைந்த பொறியாளர் எழுந்தார்.

வாய்க்கால் மேல் போட்ட பலகை வளைந்து தாங்கும் என்றார். வளைவுப் பாலம் பாரத்தை இரு கரைகள் மேலும் தள்ளிவிடும். தொங்குபாலம் கயிற்றை நம்பும். இது நேர்ச் சட்டங்களும் சாய்வுச் சட்டங்களும் சேர்ந்த முக்கோணங்களால் ஆனது.

"கூட்டுக்குடும்பம் மாதிரி சார். ஒருத்தர் இழுப்பார், ஒருத்தர் தள்ளுவார். அதுலதான் நிக்குது."

"ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா?"

"மொத்தமும் போயிடும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். சுவரோரப் பெஞ்சில் இருந்த, பாலத்தைக் கட்டிய மேஸ்திரி சிரிக்கவில்லை.

கட்டும்போது பாலத்துக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுகளை அவர் ஒரு நாள் முன்னதாகவே பிரித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய பதிலைத் தட்டச்சர் வாசித்தார். சொன்ன நாளில்தான் பிரித்தேன், வரைபடத்திலேயே இடப்பக்கம் ஐந்தாவது சாய்வுச் சட்டம் மெலிவு, அது தாங்காது.

அந்தப் பதிலை அப்போதுதான் நான் முதல்முறையாகக் கேட்டேன்.

மாதிரி ஒடிந்தால் தவறு வரைபடத்தினுடையது. நின்றால் மேஸ்திரியினுடையது. தலைவர் இதைத் தெளிவாகவே சொன்னார்.

எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்கள்.

மேஸ்திரி ஐந்தாவது சட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

எட்டாவது கல். பாலம் லேசாக முனகியது. மேஸ்திரி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

ஒன்பது. பத்து. பதினொன்று.

"யானையே ஏறினாலும் நிக்கும்போல," என்றார் பொறியாளர்.

மேஸ்திரி மெதுவாக உட்கார்ந்தார்.

அன்று காலையில் நான் வந்த ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, மடியில் இருந்த பாலத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு குச்சி நடுவில் பிளந்திருந்தது. என் கைவேலைதான் சரியில்லை என்று நினைத்தேன். பதினெட்டு வருடத்தில் எந்த மாதிரியும் இப்படி மானத்தை வாங்கியதில்லை. மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து, பிளவில் பசை விட்டு, பின்பக்கம் ஈர்க்கு அளவில் ஒரு துண்டு வைத்து ஒட்டினேன். உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

இடப்பக்கம். ஐந்தாவது.

எடையே ஏற்றாமல் ஒடிந்த சட்டம் அது.

எழுந்து நின்றேன். காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.



"ஆட்டோ குலுக்கினதுக்கும் ஆத்துல விழுந்ததுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்றார் தலைவர். கோபமே இல்லை. "அதான் ஒட்டிட்டீங்கல்ல?"

"ஒட்டினதாலதான் சார் நிக்குது. ஒரு வாரம் குடுங்க, வேற செஞ்சு தர்றேன்."

"அறிக்கை இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள போகணும்."

கொண்டுவரும் வழியில் மாதிரிக்கு ஏற்பட்ட சிறு சேதம் சரிசெய்யப்பட்டது, சோதனை திருப்திகரம் என்று தட்டச்சர் அடித்தார். என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். எழுதியிருந்ததில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வெளியே போகும் வழியில் மேஸ்திரி மேசையருகே நின்றார். குனிந்து, ஒட்டின இடத்தைக் கண்டுபிடித்து, கட்டைவிரலால் தடவினார்.

"சுத்தமான வேலை தம்பி," என்றார்.

அந்த அறிக்கையை வைத்து நீதிமன்றம் மேஸ்திரிக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது. மாதிரி இப்போது அலுவலக வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதே வரைபடத்தின்படி இன்னும் இரண்டு பாலங்கள் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.