சுத்தமான லைன்

"புது சார்ஜிங் மிஷின், ஊர் போனெல்லாம் ஓடுற பேட்டரிக்குள்ள இரைச்சலைத் தள்ளுது சார். வரம்பை மீறிப்போச்சு. ஊர் பூராம் போன் உறுமுது. ஆஸ்பத்திரிக்குப் பேசினாக்கூட ஒண்ணும் விளங்கலைங்க. மிஷினைக் கழட்டிரலாம்," என்றார் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இன்ஜினியர் கஸ்பார்.

மேலதிகாரி தன் மேஜை போனில் வத்தலக்குண்டுக்குப் பேசிவிட்டு வைத்தார்.

"கண்ணாடி மாதிரி கேக்குது! புது மிஷின்னாலே உமக்கு ஆகாது. மலைக்கோடியில இருக்கிற பூண்டிக்கு மாத்தல் போடுறேன். நாளைக்கு வெள்ளனே கிளம்பும்."

வெளியே லைன்மேன் நாச்சிமுத்து கேட்டார். "அவரு போன் மட்டும் எப்படிங்க உறுமல?"

கஸ்பார் குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் அதுவும் உறுமுச்சு. அவர் போட்ட சத்தம் தாங்காம, உத்தரவில்லாம, அந்த ஒரு போனுக்கு மட்டும் தனி பேட்டரி மாட்டிவிட்டது நான்தானே!"