பதினேழாம் எண் அம்மா

வேலையில் சேர்ந்த அன்று நீட்டிய படிவங்களில் எல்லாரையும் போலப் பூரணியும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டாள். பிள்ளைகளின் குரலில் பெற்றோரைத் தினமும் கூப்பிட்டுப் பேசும் இயந்திரம் ஒன்றை அந்த நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்தது. பேசுவது இயந்திரம் என்று பெற்றோருக்குத் தெரியாது. அவர்களிடம் எடுத்த பேட்டிகளைப் படித்துத் தொகுப்பதுதான் பூரணிக்குப் பயிற்சி.

"பிடிச்சிருக்கான்னு கேட்கவே கூடாது. கடைசியா என்ன நடந்துச்சுன்னு கேட்கணும். அப்பத்தான் நிஜம் வரும்," என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

பெயர் மறைத்த பதினேழாம் எண் அம்மாவிடமும் அப்படித்தான் கேட்டிருந்தார்கள், மகள் கடைசியாக எப்போது பேசினாள் என்று.

"முன்னாடியெல்லாம் தீவாளி, பொங்கலுக்கு ரெண்டு நிமிசம் பேசுவா. இப்போ தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுதா. முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேக்கா. கருவாச்சிப் பூனை பீரோவுக்குள்ள குட்டி போட்டதச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சா."

கருவாச்சி. கோவில்பட்டி வீட்டுப் பூனைக்குப் பூரணியே வைத்த பெயர் அது.

மணி நாலரை. கைக்கு எட்டிய அலுவலக போனிலேயே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் பூரணி. இத்தனை நாளா உங்கிட்ட பேசுனது நான் இல்லம்மா!"



"யாரும்மா நீ?" என்றாள் அம்மா. "எம்மக இப்பத்தான பேசிட்டு வச்சா. அவ எடுத்ததும் 'சாப்டியாம்மா'ன்னுல்ல கேப்பா."