பிரேக் போட்ட கை

"பிரேக் போட்டது எந்தக் கைப்பா?" என்று கேட்டாள் ஐடா. ஷெர்வின் வாய் திறப்பதற்குள் அவன் வலது கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

ஸ்கெலட்டன் குடியிருப்பில் அவள் வீட்டு முன்னறை நிறையச் சபையார். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் அவள் மகள் லவினா, போன வாரம் அங்கே மெட்ரோ தண்டவாளத்தில் விழுந்துவிட்டாள். அந்த வண்டியின் டிரைவர் நாலு தெரு தள்ளியிருக்கும் ஷெர்வின். அவளை இடிக்காமல் ஓரடி முன்னால் வண்டி நின்றது. அதற்குத்தான் இந்த ஸ்தோத்திரக் கூட்டம், சால்வை, மட்டன் பிரியாணி எல்லாம்.

"விடியக்காலம் ரயிலுக்கு வெறும் வயித்தோட ஓடுவா. தலை சுத்திடிச்சி," என்று ஐடா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "கர்த்தரு கிருபைய பாருங்க. பை, செருப்பு, மூக்குக்கண்ணாடி, ஒண்ணுகூட தொலையல. எல்லாம் பிளாட்பாரத்து பெஞ்சாண்டயே பத்திரமா இருந்திச்சி."

ஷெர்வின் பிரியாணியைக் கிளறிக்கொண்டே இருந்தான். அது தானியங்கி வண்டி. கதவை மூடி ஒரு பட்டனை அழுத்தினால் போதும், ஓடுவதும் நிற்பதும் அதன் பாடு. அன்று பிளாட்பாரத்தில் யாரோ அவசர பட்டனை அழுத்த, வண்டி தானாகவே நின்றது. அந்த நேரத்தில் இந்த வலது கை டிபன் பாக்ஸ் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவன் அம்மா கரோலின் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள். அவனுக்கும் அது கொஞ்சம் இனித்துத் தொலைத்தது.

"நாளையிலருந்து மறுபடி வேலைக்குப் போறா," என்றாள் ஐடா, இன்னொரு கரண்டி பரிமாறியபடி. "நீ ஓட்டற லைன்தான? உன்ன நம்பித்தாம்பா அனுப்பறேன்."

அதற்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை. கை கழுவும் சாக்கில் கொல்லைப்பக்கம் போனான்.

குழாயடியில் லவினா தனியாகத் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் தான் குனிந்திருந்ததைக் கீழேயிருந்து பார்த்திருப்பாள் என்று அவனுக்கு அவமானமாக இருந்தது.

"உனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். நான் பிரேக் போடலம்மா," என்றான். "உன்ன பாக்கக்கூட இல்ல. வண்டி அதுவா நின்னுச்சி. இத்தினி பேர் முன்னாடி பொய்ய சுமந்துனு உக்காந்துனு கீறேன். உங்கம்மாகிட்ட இப்பவே சொல்லிடறேன்."

லவினா குழாயை மூடினாள். அன்று முதல் முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நானும் தலை சுத்தி விழலண்ணா."