வெட்டுப்பட்ட தழை

விடியத் தோட்டத்தில் களை பிடுங்கப் போன செபமாலை கூடையைக் கீழே வைத்தார்.

இடுப்பளவுக்கு நின்ற அஸ்பரகஸ் தழையில் பாதியைக் காணவில்லை. நிலத்தோடு ஒட்ட வெட்டிய கட்டைகள்தான் நின்றன. எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டு செடியில் பன்னிரண்டு போயிருந்தது.

"மாடு பூந்திட்டுதோ?" என்று வேலிக்கு அப்பால் நின்று கேட்டாள் பக்கத்து வீட்டு றீற்றா.

"மாடு கத்தி கொண்டு வருமே?"

றீற்றா வேலியில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள்.

"அப்ப அது சந்தியோகு அண்ணைதான். விடியப்புறம் சைக்கிளில ஒரு கட்டுப் பச்சை கட்டிக்கொண்டு போனவர். நீங்கள் குடுத்ததாக்கும் எண்டு நினைச்சன்."

"நான் அவனுக்குக் குடுப்பனோ?"

"அதுதான் எனக்கும் யோசினையாக் கிடந்தது."

சந்தியோகு, செபமாலையின் இறந்துபோன மனைவிக்குத் தம்பி. இரண்டு பேருக்கும் நாலு வருசமாகப் பேச்சில்லை. கோயிலில் அவன் இந்தப் பக்கம் இருந்தால் இவர் அந்தப் பக்கம் போய் இருப்பார்.

முளையை வெட்டிக் கறி வைக்கிற அந்த அஸ்பரகஸின் விதை, ஜேர்மனியில் இருக்கும் மகள் டிலக்சனா அனுப்பியது. வங்காலை ஊரின் மணலில், உவர்க் கிணற்றுத் தண்ணீரில், கத்தரியும் மிளகாயும் கருகிப்போன பாத்தியில் அது மட்டும் தாக்குப்பிடித்தது.

"ரெண்டு வருசத்துக்கு ஒரு முளையும் வெட்டக் கூடாது அப்பா. தழைக்க விடுங்கோ. அந்தத் தழைதான் வேருக்குச் சாப்பாடு" என்று அவள் சொல்லியிருந்தாள்.

அப்படியே விட்டார். முளைகள் நீண்டு, விரிந்து, சவுக்கங்கன்று போலத் தழைத்தன. தெருவால் போகிறவர்கள் சும்மா போகவில்லை.

"என்ன செபமாலை அண்ணை, விறகுக்கோ?"

"கறிக்கு."

"எப்ப கறி?"

"வாற தையில."

வாற தையில்தான் டிலக்சனா வருகிறாள். தாயின் செத்தவீட்டுக்கு வந்து போனதற்குப் பிறகு இப்போதுதான். முதல் முளையைத் தன் கையால் வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்லுகிறாள். பச்சையாக நிற்கும்போதே தழையை வெட்டினால் வேர் பட்டினி கிடக்கும். தையில் முளை வந்தாலும் ஈர்க்குப் போலத்தான் வரும்.

செபமாலை சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தியோகுவின் வீட்டுக்கு நடந்தார்.

அவனுடைய மனைவி மெற்றில்டாதான் வாசலுக்கு வந்தாள்.

"வாங்கோ அண்ணை. வழி தவறி வந்திட்டீங்களோ?"

"அவன் எங்க?"

"சேமக்காலையில. இண்டைக்கு ஆத்துமாக்கள் திருநாளெல்லே, ஊரே அங்கதான். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்."

"கள்ளன்ர வீட்டில எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்."

"உங்களிட்ட அப்பிடிக் களவெடுக்க என்ன கிடக்கு, கோவத்தைத் தவிர?"

அவர் படலையைச் சாத்தாமலே போனார்.

ஊர்க் கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் கேற்றடியில் கால் நின்றது. மனைவியை அடக்கம் செய்த அன்றைக்குப் பிறகு அவர் உள்ளே போனதில்லை. தன் தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் அவளை வைக்க நினைத்திருந்தார். சந்தியோகு அவரை ஒரு வார்த்தை கேட்காமல், தங்கள் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டுவித்துவிட்டான். "அவன் காட்டின இடத்துக்கு நான் வரமாட்டன்" என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னவர், சொன்னபடியே இருந்துவிட்டார்.

இன்றைக்கு வழக்கு வேறு. உள்ளே போனார்.

சனம் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றது. அவருடைய தழையைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. அது முழுவதும் அவருடைய மனைவியின் கல்லறையில் இருந்தது. சிலுவையைச் சுற்றிக் கட்டி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் பரப்பியிருந்தது. பக்கத்தில் குந்தியிருந்து மெழுகுதிரி நட்டுக்கொண்டிருந்த சந்தியோகு, அவரைக் கண்டதும் எழும்பினான்.

"அத்தான்..."

"கதைக்காத. ஆரைக் கேட்டு—"

"வந்திட்டீங்களோ செபமாலை?" பின்னால் பங்குச் சுவாமியாரின் குரல் கேட்டது. கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்தவர், தீர்த்தச் செம்போடு பக்கத்தில் வந்து நின்றார். "இவ்வளவு நேரமும் உங்களைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு நிண்டனாங்கள்."

"என்னைப் பற்றியோ?"

"மனிசிக்கு ஒரு பூக் கொண்டர ஆளில்லை எண்டு போன வருசமும் ரெண்டு பேர் கதைச்சவை. சந்தியோகு விடேல்லை. 'ஆர் சொன்னது? அத்தானுக்கு இங்க வந்து நிக்க மனம் தாங்காது, ஆனால் வருசா வருசம் பூ அவர்தான் குடுத்துவிடுறவர்' எண்டு சண்டைக்குப் போயிட்டார்."

செபமாலை சிலுவையில் கட்டியிருந்த தழையைப் பார்த்தார்.

"இந்த வருசம் பூவெல்லாம் மழையில அழுகிப்போச்சாம். அதுக்காக மகளுக்கெண்டு வைச்சிருந்த பயிரையே வெட்டிக் குடுத்தனீங்களாம். எனக்கு நம்ப முடியேல்லை." சுவாமியார் குனிந்து தழையைத் தொட்டுப் பார்த்தார். "உண்மையா நீங்களோ வெட்டினது?"

சந்தியோகு நெருப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். செபமாலை அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஓம் சுவாமி," என்றார். "விடியவே வெட்டினனான்."